விண்கலத்தில் ஓர் உப்புக் குப்பி

சென்ற தவணையில் உயர்தர வகுப்பிற் பாடபேதம் பற்றிக் கற்பித்துக்கொண்டிருந்தேன். மாணவன் ஒருவன் எழுந்து, "பாடினவரும் இல்லை, ஏடெழுதினவரும் இல்லை. எது சரியான பாடமென்று தேடி என்ன பயன், சேர்?" என்றான். நான் சொன்ன விடை ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரிலிருந்து வந்தது. நேயர்கள் பொறுத்தருள வேண்டும்.

1966 செப்டெம்பர் 8ஆம் திகதி 'ஸ்டார் ட்ரெக்' என்னும் விண்வெளித் தொடரின் முதற் கதை ஒளிபரப்பாயிற்று. மனித உடலின் உப்பை உறிஞ்சி வாழும் ஒரு பிராணியைப் பற்றியது அது. கதைக்கு உப்புக் குப்பிகள் தேவைப்பட்டன. எதிர்கால மேசைக்குப் பொருந்தட்டுமென்று, படப்பிடிப்புப் பொருள்களுக்குப் பொறுப்பாயிருந்த ஏர்விங் ஃபைன்பேர்க் புதுமாதிரியான குப்பிகளைத் தேடிக் கொணர்ந்தார். வந்தது சிக்கல். பார்ப்போருக்கு அவை உப்புக் குப்பிகளென்றே விளங்காது எனத் தயாரிப்பாளர் அஞ்சினர். எனவே கலையகச் சிற்றுண்டிச்சாலையின் சாதாரணக் குப்பிகள் கதைக்குள் புகுந்தன. புதுமாதிரிக் குப்பிகளோ விண்கல வைத்தியர் மக்கோயின் சத்திரசிகிச்சைக் கருவிகளாயின! சாப்பாட்டு மேசைப் பொருள், கையிற் பிடிக்கும் விதத்தால் மருத்துவமாயிற்று. நமது கூத்திலே ஒரு தடி வாளாவதில்லையா?

தொடர் 1969இல் முடிந்தது. பின்னர் ஒளிநாடா வந்து காட்சிகளை நிறுத்திப் பார்க்க வழி பிறந்தபோது, இந்தப் பொருள் எந்தக் கடையில் விற்றது, யார் வடிவமைத்தது என்று ஆராயும் ஆர்வலர் கூட்டமொன்று வளர்ந்தது. பழைய விலைப்பட்டியல்களும் பழம்பொருட் கடைகளுமே அவர்களின் ஏட்டுச்சுவடிகள்.

விண்கலத்தின் ஒற்றைக்கால் கதிரைகளை எடுத்துக்கொள்வோம். கட்டடக் கலைஞர் ஈரோ சாரினென் வடிவமைத்து 1957இல் நோல் நிறுவனம் வெளியிட்ட 'துலிப்' கதிரைகளே அவையெனப் பலர் நம்பினர். உண்மையில் அவை டெக்சாஸ் மாநிலத்து டலஸ் நகரின் பேர்க் நிறுவனம் செய்த, அதே சாயலுள்ள கதிரைகள். ஆசிரியர் தெரியாத பாட்டையெல்லாம் ஔவையார் தலையிற் கட்டும் வழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று போலும். புகழ்பெற்ற பெயர் பக்கத்தில் நின்றால் மற்றப் பெயர் மறைந்துவிடுகிறது. விலையும் அந்தப் பெயரின் பின்னாலேயே ஓடுகிறது.

பிரித்தானியத் தொடரான 'ஸ்பேஸ்: 1999' இன்னும் சுவையானது. 1975இல் வெளிவந்த அதில், சந்திரனிலுள்ள தளத்தில் மனிதர் அமர்ந்த பிளாஸ்டிக் கதிரைகளுள் ஒன்று இத்தாலியரான விக்கோ மஜிஸ்திரெத்தி 1960களின் பிற்பகுதியில் வடிவமைத்தது. அதன் பெயர் 'செலினே'. கிரேக்கரின் சந்திரதேவதையின் பெயர்! பெயர் பார்த்தா தெரிந்தார்கள்? எனக்கென்னவோ அதன் வளைவைப் பார்த்தே தெரிந்திருப்பார்கள் என்று படுகிறது.

இவ்வார்வலருள் நேர்மையானவர் ஒரு வேறுபாட்டை விடாமற் காப்பர். படப்பிடிப்பில் நின்ற அதே கதிரை வேறு. அதே ஆலையில், அதே அச்சில் வார்த்த மற்றொரு கதிரை வேறு. பின்னதை முன்னதென்று சொல்லி விற்பது பொய். ஆயினும் முன்னது அழிந்துபோனால், அதன் நிறமும் அளவும் அறியப் பின்னதே துணை. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இற் கலித்தொகையைப் பதிப்பித்தபோது புலவர் கையால் எழுதிய ஏடு அவரிடம் இருக்கவில்லை. படிகளின் படிகளே இருந்தன.

இதைச் சொல்லி முடித்ததும் மாணவன் சிறிது யோசித்தான். "அந்தப் பேர்க் கதிரையை வரைந்தவரின் பெயரென்ன, சேர்?" என்று கேட்டான்.