கொழுந்து மலைக்கு வந்த எஞ்சின்



கேமரன் மலையில் விடிகாலைப் பனி மூடியிருக்கும்போது தேயிலைச் சரிவு கண்ணுக்குத் தெரியாது. ஆனால் காதுக்குத் தெரியும். எங்கோ ஒருவர் கயிற்றை இழுக்கிறார். ஒரு முறை, இரண்டு முறை. மூன்றாம் முறை எஞ்சின் பிடித்துக்கொள்கிறது. கொழுந்து வெட்டும் இயந்திரமோ, புல் வெட்டும் இயந்திரமோ வேலையைத் தொடங்கிவிட்டது. நம் பாட்டிமார் கூடை சுமந்த காலத்தில் இந்த ஓசை இல்லை. இந்தச் சின்ன எஞ்சின் எப்படி உருவானது? வரும்போது என்னென்ன ஆபத்துகளைக் கூடவே கொண்டுவந்தது? இன்று அதைப் பார்ப்போம்.

1885 ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இந்த மலைப் பகுதிக்கு வந்தார். அவர் பெயரே மலைக்கு நிலைத்தது. 1929 ஆம் ஆண்டில் ஜே. ஏ. ரசல் என்பவர், இலங்கையில் தேயிலை அனுபவம் பெற்ற ஏ. பி. மில்ன் என்பவரோடு சேர்ந்து ‘போ’ தோட்டத்தைத் தொடங்கினார். அந்தக் காட்டைத் திருத்த அவர்களிடம் இருந்தவை ஆட்களின் கைகள், சில கோவேறு கழுதைகள், ஒரே ஒரு நீராவி உருளை. அந்தக் கைகளில் பல, தென்னிந்தியாவிலிருந்து வந்த நம் முன்னோருடைய கைகள்.

தொடக்கத்தில் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக விரலால் கிள்ளினார்கள். பிறகு பை பொருத்திய கத்தரி வந்தது. அதன் பின் இருவர் தூக்கிச் செல்லும் எஞ்சின் இயந்திரம் வந்தது. நிரைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். நடுவில் பல் வைத்த கத்தி. வெட்டிய கொழுந்தை அதுவே காற்றால் ஊதிப் பைக்குள் தள்ளிவிடும். மிகச் செங்குத்தான சரிவுகளில் இன்றும் மனிதக் கைகள்தான் வேலை செய்கின்றன.

தோளில் தூக்கும் இந்த எஞ்சினின் பாட்டனைத் தூக்கவே முடியாது. 1876 ஆம் ஆண்டில் ஜெர்மனியில் நிக்கலாஸ் ஆட்டோ செய்த நான்கு வீச்சு எஞ்சின், தரையில் பதித்து வைத்த பெரிய இயந்திரம். அது எரிவாயுவில் ஓடியது. பத்து ஆண்டுகள் கழித்து, 1886 இல், கார்ல் பென்ஸ் பெட்ரோலில் ஓடும் வண்டிக்குக் காப்புரிமை பெற்றார். 1888 இல் அவர் மனைவி பெர்த்தா அந்த வண்டியில் நெடுந்தூரம் சென்றபோது, வழியில் எரிபொருளை மருந்துக் கடையில்தான் வாங்கினார். துணியில் படிந்த கறையைப் போக்கத்தான் மக்கள் அதை வாங்குவது வழக்கம்!

பிறகு இங்கிலாந்தில் ஜோசப் டே என்பவர் எளிய இரண்டு வீச்சு எஞ்சினை உருவாக்கினார். பாகங்கள் குறைந்தன; எடையும் குறைந்தது. இன்று இத்தகைய சின்ன எஞ்சின்களில் எண்ணெய்க்குத் தனி இடம் இல்லை. பெட்ரோலிலேயே எண்ணெயைக் கலக்க வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 50:1 என்றால் 20 மில்லிலிட்டர், 25:1 என்றால் 40 மில்லிலிட்டர். எது என்பதை அந்த இயந்திரத்தின் குறிப்பேடு சொல்லும்; கண் அளவில் ஊற்றக் கூடாது. 1950களில் புதுவகைக் கார்புரேட்டர்கள் பரவின. எஞ்சினை எந்தப் பக்கம் சாய்த்தாலும் அணையாமல் ஓடியது. சரிவில் நின்று வேலை செய்ய வழி பிறந்தது.

நேயர்களே, எஞ்சின் சிறுத்தது, ஆபத்து சிறுக்கவில்லை. எஞ்சின் மனித உடலுக்கு அருகில் வந்ததால், ஆபத்தும் அருகில் வந்துவிட்டது.

முதலாவது, தீ. நம் லயங்களில் பெரியவர்கள் மண்ணெண்ணெய் விளக்கோடு பழகியவர்கள். அந்தப் பழக்கத்தில் பெட்ரோலையும் கையாளுவது பெரும் பிழை. மண்ணெண்ணெய் ஏறக்குறைய 38 பாகை அல்லது அதற்கு மேல் சூடேறினால்தான் தீப்பற்றும் அளவுக்கு ஆவி தரும். பெட்ரோலோ பூச்சியத்துக்குக் கீழே 40 பாகைக் குளிரிலும் அத்தகைய ஆவியைத் தரும். "மலைக் குளிரில் பெட்ரோல் பற்றாது" என்று எண்ணுவது தவறு. அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. தண்ணீரைப் போலத் தரையோடு சரிவில் இறங்கி, கீழ்வீட்டு அடுப்பைத் தேடிப் போகும். ஆகவே எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு, பிறகே பெட்ரோல் ஊற்றுங்கள். கலனைத் தரையில் வைத்து நிரப்புங்கள். ஊற்றிய இடத்திலிருந்து பத்தடியாவது தள்ளிப்போய்க் கயிற்றை இழுங்கள். குளிர்பானப் போத்தலில் ஒருபோதும் பெட்ரோலை வைக்காதீர்கள். குழந்தைக்குப் போத்தல்தான் தெரியும், உள்ளே இருப்பது தெரியாது.

இரண்டாவது, கத்தி. சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவன் ஒருவனின் தந்தை பள்ளிக்கு வந்தார். பதிவேட்டில் கையெழுத்திட இடக்கையால் பேனாவைப் பிடித்தார். வலக்கையில் ஆள்காட்டி விரல் ஒரு கணு குறைந்திருந்தது. "இஞ்சின் மெதுவாத்தான் ஓடிச்சு வாத்தியாரே. கத்தி நின்னுருச்சுன்னு நெனச்சித்தான் எலய எடுத்தேன்" என்றார். எஞ்சின் மெதுவாக ஓடும்போது கத்தி நிற்க வேண்டும் என்பது உண்மை. ஆனால் வேகம் சரியாக அமைக்கப்படாவிட்டாலோ, கிளட்ச் தேய்ந்திருந்தாலோ கத்தி அசையும். விசையைப் பிடித்திருப்பவர் ஒருவர், கத்தியருகே இருப்பவர் இன்னொருவர் என்னும்போது ஆபத்து இரட்டிப்பாகிறது.

இன்னொன்றும் உண்டு. 1902 ஆம் ஆண்டில் பாஷ் நிறுவனத்தில் உருவான உயர் அழுத்தக் காந்தப் பொறி முறையின் வழிவந்ததே இன்றைய சின்ன எஞ்சினின் பொறியும். அதற்குப் பேட்டரி தேவையில்லை; சக்கரம் சுழன்றாலே பொறி பிறக்கும். எனவே சிக்கியதை எடுக்குமுன் எஞ்சினை முழுவதும் நிறுத்துங்கள். பிளக்கின் தொப்பியையும் கழற்றுங்கள். இருவரில் ஒருவர் "நிறுத்து" என்றால், மற்றவர் காரணம் கேட்காமல் நிறுத்த வேண்டும்.

மூன்றாவது, புகை. எஞ்சின் புகையில் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு உண்டு. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அது இரத்தத்தில் உயிர்க்காற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது என்பதைப் பிரெஞ்சு மருத்துவ அறிஞர் குளோட் பெர்னார் 1850களில் விளக்கினார். இங்கிலாந்தில் ஜான் ஸ்காட் ஹால்டேன் 1895 இல் அந்த வாயுவைத் தாமே சுவாசித்துச் சோதித்தார். நிலக்கரிச் சுரங்க வெடிவிபத்துகளில் பெரும்பாலோர் வெடியால் அல்ல, இந்த வாயுவால்தான் இறந்தார்கள் என்று 1896 இல் எடுத்துக்காட்டினார். அவர் யோசனைப்படி சுரங்கத்துக்குள் சிறு பறவைகளைக் கொண்டுபோனார்கள்; பறவை மயங்கினால் மனிதர் வெளியேறுவார்கள்.

நம் வீட்டில் பறவை இல்லை. மழையிரவில் மின்சாரம் போகிறது. குளிருக்காகக் கதவு, சன்னல் எல்லாம் சாத்தியிருக்கிறது. சிறிய மின்னாக்கியை நனையாமல் இருக்கட்டும் என்று சமையற்கட்டில் வைத்து ஓட்டினால், தூங்குகிற குடும்பம் எழுந்திருக்காமலே போகலாம். சன்னலைத் திறந்து வைத்தாலும் போதாது. மின்னாக்கி வெளியே, மழை படாத மறைப்பின் கீழ், வீட்டைவிட்டு இருபதடியாவது தள்ளி இருக்க வேண்டும். புகைக்குழாய் வீட்டுப் பக்கம் திரும்பியிருக்கக் கூடாது. வீட்டில் பலருக்கு ஒரே நேரத்தில் தலைவலி, மயக்கம், குமட்டல் வந்தால் உடனே எல்லாரும் வெளியே வாருங்கள். 999 எண்ணை அழையுங்கள்.

நான்காவது, அதிர்வு. 1918 ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன், காற்றுச் சுத்தியலால் கல் செதுக்கிய தொழிலாளரின் விரல்கள் வெளுத்து மரத்துப்போவதை ஆராய்ந்தார். குளிர் அதை மோசமாக்கும் என்றும் கண்டார். குளிர்மலையில் அதிரும் பிடியைப் பிடிக்கும் நமக்கு இது நேரான பாடம். கையுறை அணிந்து கையை வெதுவெதுப்பாக வைத்திருங்கள். இடையிடையே ஆள் மாறி ஓய்வெடுங்கள். காதடைப்பையும் மறக்காதீர்கள். விரல் வெளுத்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இப்படிப் பிறர் பட்டறிந்தவையே சட்டமாகவும் வந்தன. மலேசியாவில் 1969 ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டம், வேலையில் அடிபட்டவருக்கு உதவ வழி செய்தது. 2019 முதல் அந்நியத் தொழிலாளருக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு. 1994 ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் திருத்தப்பட்டு, 2024 சூன் முதல் நாள் முதல் புதிய விதிகள் நடப்புக்கு வந்தன. அவற்றில் ஒன்றை நாம் மனத்தில் இருத்த வேண்டும்: உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமாக நம்பும் தொழிலாளி, அதை நீக்க முதலாளி நடவடிக்கை எடுக்காவிட்டால், அந்த வேலையிலிருந்து விலகிக்கொள்ளலாம். நிறுத்தும் விசை பழுதாகியிருந்தால், முதலில் அதைத் தெரிவியுங்கள். "எப்படியாவது ஓட்டிவிடலாம்" என்று எண்ணாதீர்கள்.

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். நாளைக் காலை கயிற்றை இழுக்குமுன் ஒரு நிமிடம் நின்று பாருங்கள்: பெட்ரோல் ஒழுகுகிறதா, கத்தியின் திருகு இறுகியிருக்கிறதா, நிறுத்தும் விசை வேலை செய்கிறதா, எதிரே நிற்கும் கூட்டாளி ஆயத்தமா? பிறகு இழுங்கள். மாலையில் பத்து விரலோடும் வீடு திரும்புங்கள், பிள்ளைகள் காத்திருப்பார்கள்.