கைச்சக்கரமும் நிரலும்

என் கராஜில் இருப்பது சிறிய சி.என்.சி. லேத், 'கடைசல் இயந்திரம்' என்ற அழகான தமிழ்ப்பெயரும் இதற்கு உண்டு. கைச்சக்கரத்தாலும் இயக்கலாம், கணினி நிரலாலும் இயக்கலாம்.

ஒரேயொரு பித்தளை வளையம் என்றால் கைதான். நிரல் எழுதி முடிப்பதற்குள் வளையமே தயாராகிவிடும். மரை வெட்டுவதற்கோ நிரலே வசதி. பல்சக்கரங்களைக் கழற்றி மாட்டும் தொல்லையின்றி, ஜி76 என்னும் ஆணை 1.5 மி.மீ. மரையைப் படிப்படியாக ஆழப்படுத்தி வெட்டிவிடும்.

ஆனால் இவ்வகைச் சிறு இயந்திரங்களில் பெரும்பாலும் ஸ்டெப்பர் மோட்டார்தான். உளி சிக்கி நின்றாலும், நகர்ந்துவிட்டதாகவே கணினி எண்ணிக்கொள்ளும். கைக்கு அது உடனே தெரிந்துவிடும்.

ஒருமுறை 20 மி.மீ. விட்டம் வேண்டிய இடத்தில், ஆரமென்று நினைத்து 10 என்று எழுதிவிட்டேன். உளி தயங்காமல் உள்ளே இறங்கி, உருளையைச் சக்கிலிருந்து பிடுங்கி எறிந்தது. இப்போதெல்லாம் நிரலை முதலில் வெறுங்காற்றில் ஓட்டிப் பார்த்த பிறகே உலோகத்தைப் பொருத்துகிறேன்.