காசு, துட்டு, கூலி: கடல் தாண்டிப் போன நம்ம சொற்கள்

'கனிகோபொலி'னு ஒரு ஆங்கிலச் சொல். அர்த்தம் தெரியுமா? இன்னைக்கு லண்டன்காரரைக் கேட்டாலே முழிப்பார். வாய்விட்டு ரெண்டு தடவை சொல்லிப் பாருங்க... கணக்கப்பிள்ளை! அவரேதான் :-)

இப்படி வழக்கொழிந்துபோன ஆங்கிலச் சொற்களைத் தேடுறவங்களுக்கு ஒரு புதையல், 1886-ல் வந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி. பேரே வேடிக்கை. முஹர்ரம் ஊர்வலத்தில் எழுந்த "யா ஹசன்! யா ஹுசைன்!" குரல் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் காதில் அப்படி விழுந்ததாம். தொகுத்தவங்க ஹென்றி யூல், ஏ.சி. பர்னல்னு ரெண்டு பேர். இதில் பர்னல் நமக்கு நெருக்கமானவர். தஞ்சாவூரில் ஜட்ஜாக இருந்தவர். அரண்மனை நூலகத்தின் சமஸ்கிருதச் சுவடிகளுக்குப் பட்டியல் போட்டவர். அகராதி அச்சாகி வந்ததைப் பார்க்காமலே 1882-ல் இறந்துட்டார்.

அவர் இருந்த அந்தத் தஞ்சாவூர் ஜில்லாவுக்குள்ளே, ஒரு பக்கம் கடலும் மத்தப் பக்கமெல்லாம் ஆங்கிலேயர் சீமையுமா இருந்த ஊர் காரைக்கால். 1739-ல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. நடுநடுவே ஆங்கிலேயர் பிடிச்சு வச்சிருந்த வருஷங்கள் போக, 1954 நவம்பர் 1 வரைக்கும் பிரெஞ்சு ஆட்சிதான். வடக்கே தரங்கம்பாடியில் 1845 வரை டேனிஷ்காரர். தெற்கே நாகப்பட்டினத்தில் போர்த்துக்கீசியர், 1658-லிருந்து டச்சுக்காரர், 1781-க்கு அப்புறம் ஆங்கிலேயர். மூணு ஊரையும் ஒரே நாளில் பஸ்ஸிலேயே சுத்திப் பார்த்துடலாம். இத்தனை நாட்டு வியாபாரிகள் பக்கத்துப் பக்கத்துக் கடையா உட்கார்ந்திருந்தா, சொல் மட்டும் சும்மா இருக்குமா?

முதலில் பணத்தைப் பார்ப்போம். 'பணம்'கிற நாணயம் ஆங்கிலேயர் கணக்கில் 'ஃபனம்', பிரெஞ்சுக்காரர் கணக்கில் 'ஃபனோன்'. 'காசு' போர்த்துக்கீசியர் வாய் வழியா ஆங்கிலத்துக்குப் போய் 'கேஷ்' ஆச்சு. ரொக்கம்னு நாம இப்போ சொல்ற கேஷ் வேற. அது பணப்பெட்டியைக் குறிக்கிற ஐரோப்பியச் சொல்லிலிருந்து வந்தது. மதராஸ் கம்பெனிக் கணக்கில் 80 கேஷ் ஒரு ஃபனம், 42 ஃபனம் ஒரு பகோடா (நம்ம வராகன்). அதனால பழைய கடிதத்தில் 'பத்து கேஷ்'னு இருந்தா பத்துக் காசுன்னு படிக்கணும்.

'துட்டு' இன்னும் சுவாரசியம். அது டச்சுக்காரரின் 'டாய்ட்' என்கிற செப்புக்காசு. தமிழில் துட்டாகி, பிரெஞ்சில் 'டுடு' ஆயிடுச்சு. பிரெஞ்சு ராஜாவின் அல்லிப்பூ ஒரு பக்கம், மறுபக்கம் தமிழ் எழுத்தில் 'புதுச்சேரி'னு அடிச்ச டுடுக்கள் இருக்கு. டச்சுச் சொல், தமிழ் வாய், பிரெஞ்சு அச்சு!

இன்னொண்ணு, 'குடோன்'. நம்ம 'கிடங்கு', தெலுங்கு 'கிடங்கி' இதெல்லாம் மலாய்க்குப் போய் 'கடோங்' ஆகி, அங்கிருந்து ஆங்கிலத்தில் 'கோடவுன்' ஆகியிருக்கணும்னு ஹாப்சன்-ஜாப்சன் சொல்லுது. நாம அதைத் திரும்ப வாங்கி 'குடோன்'னு போர்டு மாட்டி வச்சிருக்கோம். சொந்தப் பிள்ளையை விருந்தாளின்னு நினைச்சு உபசரிக்கிற மாதிரி.

இதுவரைக்கும் சிரிச்சிக்கிட்டே படிக்கலாம். அடுத்தது அப்படியில்லை.

'கூலி'. தமிழில் இது ஆள் இல்லை. ஆள் செஞ்ச வேலைக்குக் கொடுக்க வேண்டிய ஊதியம். ஆங்கிலத்தில் 'கூலி'ன்னா சுமை தூக்குறவன். யூலும் பர்னலும், குஜராத் பக்கத்துக் 'கோளி' இன மக்களின் பெயரிலிருந்து வந்திருக்கலாம்னு சொல்லிட்டு, நம்ம தமிழ்ச் சொல்லையும் சேர்த்தே குறிப்பிடுறாங்க. மூலம் எதுவா இருந்தாலும், சம்பளம் மறைஞ்சு போய் மனுஷன் மேலே முத்திரை விழுந்துடுச்சு.

இதில் காரைக்காலுக்கும் பங்கு உண்டு. 1848-ல் பிரெஞ்சுக் காலனிகளில் அடிமை முறை ஒழிஞ்சதும், கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. மார்த்தினிக் தீவுக்கு 1853 மே மாதம் 'ஒரேலி'ங்கிற கப்பல் முதல் இந்தியத் தொழிலாளர்களைக் கொண்டுபோய் இறக்கியது. அடுத்த வருஷமே குவாதலூப். 1861-ல் பிரான்சும் பிரிட்டனும் ஒப்பந்தம் போட்டப்புறம், சுத்துப்பட்டு ஆங்கிலேயர் சீமை ஜனங்களையும் சட்டப்படியே புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களில் கப்பலேத்தலாம்னு ஆச்சு. அஞ்சு வருஷ ஒப்பந்தம். தஞ்சாவூர்ச் சீமையில் கூலி கிடைக்காதவங்க, கூலி கிடைக்கும்னு நம்பிப் போனாங்க. போன இடத்தில் அதுவே பேராச்சு. பிள்ளைகளுக்கும் பேராச்சு. மார்த்தினிக்கிலும் டிரினிடாடிலும் தென்னாப்பிரிக்காவிலும் அது வசைச் சொல்லாவே நின்னுடுச்சு. கடைசியில் மொரீஷியஸ் கவிஞர் கால் தொராபுல்லி, அதே வசையை எடுத்து 'கூலித்தூட்'னு ஒரு சொல்லை உருவாக்கி, 1992-ல் கவிதை நூலின் தலைப்பிலேயே வச்சார்.

கணக்கப்பிள்ளை ஆங்கிலத்துக்குப் போனப்போ அவர் உத்தியோகமும் கூடவே போச்சு. அவர் கையில் பேனா இருந்தது, துரைக்கு அவர் தேவைப்பட்டார். மண்வெட்டி பிடிச்சவனோட சொல் போனப்போ அதோட அர்த்தத்தையே பிடுங்கிட்டாங்க. கனிகோபொலி செத்துப்போன சொல்லா அகராதியில் கிடக்கு. கூலி இன்னும் எங்கேயோ யாரையோ குத்திக்கிட்டிருக்கு.

உங்க வீட்டுப் பழைய பத்திரத்திலோ தாத்தா பாட்டி பேச்சிலோ இப்படி ஊர் சுத்தின சொல் ஏதாவது இருந்தா சொல்லுங்க. அந்தச் சொல் யார் கையிலிருந்து யார் கைக்குப் போச்சுன்னும் சேர்த்து விசாரிச்சு வைங்க.