ஓதப்பள்ளியும் கூட்டாளிகளும்

பிள்ளைகளுக்கு மார்க்கப் பற்றை எப்படி ஊட்டுவது என்று இன்று நம் வீடுகளில் அடிக்கடி பேசுகிறோம். நம் மூத்த தலைமுறை இதைப் பற்றி இவ்வளவு பேசியதில்லை. அவர்கள் வாழ்ந்த தெருவே அந்த வேலையைப் பார்த்துக்கொண்டது.

தஞ்சோங் பகார் வட்டாரத்தில் கடையநல்லூர், தென்காசிக் குடும்பங்கள் நெருங்கி வாழ்ந்த காலம் அது. ஆண்களில் பலருக்குத் துறைமுக வேலை. 1826இல் தோன்றிய ஜாமிஆ சூலியா பள்ளிவாசலும், குச்சுப்பள்ளி என்று நம்மவர் அழைக்கும் அல் அப்ரார் பள்ளிவாசலும் நடந்து போகும் தூரத்தில் இருந்தன. பகலில் பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்தவனே மாலையில் ஓதப்பள்ளியிலும் பக்கத்தில் உட்காருவான். மக்ரிபுக்கு வராத பையனைப் பற்றிய செய்தி, அவன் வீடு திரும்புமுன் தாயிடம் சேர்ந்துவிடும்!

சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1946இல் தொடங்கிய பள்ளிக்கூடத்துக்குச் சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரின் பெயரை வைத்தார்கள். அது மதரஸா அன்று. தமிழ்வழியில் எல்லாப் பாடமும் கற்பித்த பள்ளி. பிற சமயப் பிள்ளைகளும் அங்கே படித்தார்கள். ஆனால் தமிழையும் தீனையும் தனித்தனியாக எண்ணாத ஒரு சமூகத்தின் மனம் அந்தப் பெயரிலேயே தெரிகிறது. 1960இல் உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்தது. பிறகு வேலை வாய்ப்பை எண்ணிப் பெற்றோர் ஆங்கிலப் பள்ளிகளை நாடினர். அதில் அவர்களைக் குறை சொல்ல நமக்கு மனமில்லை. 1982இல் பள்ளி மூடப்பட்டது.

அதே ஆண்டுகளில் குடும்பங்கள் அங் மோ கியோ, பிடோக், ஜூரோங் என அடுக்குமாடி வீடுகளுக்குப் பிரிந்து போயின. ஒரு புளோக்கில் நம்மவர் வீடு ஒன்றோ இரண்டோதான். 1975இல் ஏற்பட்ட பள்ளிவாசல் கட்டட நிதியால் புதிய வட்டாரங்களில் பள்ளிவாசல்கள் எழுந்தன. 1977இல் தோ பாயோவின் முஹாஜிரீன் முதலாவது. நம் பிள்ளைகளில் பலர் அங்கே மலாய்க் கூட்டாளிகளோடு மலாயில் மார்க்கம் கற்றார்கள். அந்தக் கூட்டாளிகள் ஜும்ஆவுக்குக் கூப்பிட்டதால் தொழுகையை விடாமல் இருந்தவர்கள் நம்மில் உண்டு. அது நம் பேறு. ஆனால் வகுப்பில் கற்ற துஆவின் பொருளைப் பாட்டியிடம் தமிழில் சொல்லத் தெரியாமல் பேரன் விழித்தபோது, வீட்டுக்கும் வகுப்புக்கும் நடுவே ஒரு சுவர் எழுந்ததையும் பார்த்தோம்.

1984 முதல் உயர்நிலைப் பள்ளிகளில் சமய அறிவு கட்டாயப் பாடமாக இருந்தது. 1990இல் அந்தக் கட்டாயம் நீங்கியது. இஸ்லாமிய சமய அறிவைத் தேர்வுக்காகப் படித்தவர்கள் நம் குடும்பங்களிலும் உண்டு. நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள் எல்லாரும் ஸஃப்பில் நின்றார்கள் என்று சொல்வதற்கில்லை.

பன்னிரண்டு வயதுவரை தாய் தகப்பன் சொல் எடுபடுகிறது. உயர்நிலைப் பள்ளிக்குப் போனதும் கூட்டாளியின் சொல்லே பெரிதாகிறது. வார இறுதி வகுப்பில் இருந்து ஒருவன் நின்றால் அடுத்த மாதம் இன்னும் இருவர் நிற்பார்கள். பாடத்திட்டத்தைத் திருத்துவதில் நாம் காட்டிய அக்கறையை, அவர்கள் ஒன்றுகூட ஓர் இடம் அமைப்பதில் காட்டியிருக்கலாம் என்பது எங்கள் எண்ணம். ரமலானில் நோன்புக் கஞ்சி பரிமாற வரும் இளைஞர்களைப் பாருங்கள். யாரும் தனியாக வருவதில்லை. மூன்று நான்கு பேராகத்தான் வருகிறார்கள். தங்களுக்குள் ஆங்கிலம், பக்கத்து மலாய்ப் பையனிடம் மலாய், கஞ்சி வாங்க நிற்கும் பெரியவரிடம் தமிழ்.