மீள்வழி கண்ட வரலாறு

கணிப்பொறிக்கு இடும் கட்டளைகளின் தொகுதி நிரல் எனப்படும். நிரலில் ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பச் செய்வித்தலை மடக்கு என்றும், பல இடங்களினின்று அழைத்துப் பயன்கொள்ளுமாறு தனித்தமைத்த பகுதியைச் செயற்கூறு என்றும் தமிழ்ப் பாடநூல்கள் வழங்கும். இரண்டும் ஒருங்கே கற்பிக்கப்படுதலின் ஒருங்கே தோன்றின என மாணாக்கர் கருதுதல் இயல்பு. அக்கருத்துப் பொருந்தாது. மடக்கு நூறாண்டு முந்தியது.

பாபேஜ் வகுத்த பகுப்பாய்வுப் பொறி பற்றிய மெனப்ரியாவின் கட்டுரையை 1843-இல் ஆங்கிலத்திற் பெயர்த்து வெளியிட்ட ஏடா லவ்லேஸ், தாம் சேர்த்த ஏழு குறிப்புகளுள் இறுதியதில், பெர்னூலி எண்களைக் கணிக்கும் அட்டவணை தந்தார். அதன்கண் 13 முதல் 23 வரையுள்ள செயல்கள் மீளவும் நிகழும் எனக் குறித்தார். பொறியோ கட்டி முடிக்கப்பெறவில்லை. 1944-இல் ஆர்வர்டில் நிறுவப்பெற்ற மார்க் 1 பொறியில், துளையிட்ட தாள் நாடாவின் இரு முனைகளையும் ஒட்டி வளையமாக்கியே மடக்கினை நிகழ்த்தினர். அணியிலக்கணத்துள் மடக்காவது, வந்த சொல்லே மீண்டு வந்து பொருள் வேறுபடுதல். ஈண்டும் கட்டளை அதுவே. அது கையாளும் மதிப்பே வேறு. பெயர் நன்கு அமைந்தது என்க.

செயற்கூற்றின் இடர்ப்பாடு வேறு. அதனுட் புகுதல் எளிது, மீளுதலே அரிது. ஒரு செயற்கூற்றை 20-ஆம் கட்டளையும் 70-ஆம் கட்டளையும் அழைப்பின், முன்னதற்கு 21-க்கும் பின்னதற்கு 71-க்கும் மீளல் வேண்டும். எங்கிருந்து வந்தோம் என்பதைப் பொறி எவ்வாறு அறியும்?

ஆலன் டூரிங் 1945-இல் எழுதிய பொறித்திட்ட அறிக்கையில், மீள்வழியைப் 'புதைத்தல்', பின்னர் அதனை 'அகழ்தல்' என்னும் இரு செயல்களைக் கூறினார். எனினும் அது திட்டமே. 1949 மே 6-ஆம் நாள் முதல் நிரலை இயக்கிய கேம்பிரிட்சு எட்சாக் பொறியில் இதனை வழக்கிற் கொணர்ந்தவர் டேவிட் வீலர். அழைக்கும் கட்டளைக்குச் சற்று முன்னே, தான் இருக்கும் இடத்தெண்ணைத் தன்னுட் கொண்ட ஒரு கட்டளை நிற்கும். அது தன்னையே ஓர் எண்ணாகக் கூட்டற் பதிவகத்தில் ஏற்றும். செயற்கூறு அவ்வெண்ணொடு மாறா எண்ணொன்றைக் கூட்டி, மீள்தற்குரிய கட்டளையை ஆக்கித் தன் இறுதியில் தானே எழுதிக்கொள்ளும். கட்டளையும் எண்ணே என்னும் உண்மை இதனினும் தெளிவாக விளங்கிய இடம் பிறிதில்லை என்பது எம் கருத்து. வில்க்ஸ், வீலர், கில் ஆகிய மூவரும் 1951-இல் வெளியிட்ட நூல் இம்முறையைப் பரப்பிற்று.

ஆயினும் ஒரு குறை எஞ்சியது. செயற்கூறு தன்னைத்தானே அழைப்பின், முன்னெழுதிய மீள்வழி அழிந்துபடும். 1960-இல் வெளிவந்த அல்கால் மொழியறிக்கை தன்னழைப்பிற்கு இடந்தந்தது. மீள்வழிகளை ஒன்றன்மேலொன்றாக அடுக்கி, இறுதியில் வைத்ததை முதற்கண் எடுக்கும் முறையை அவ்வாண்டே டைக்ஸ்டிரா விளக்கி எழுதினார். டூரிங் 'புதைத்தல்' என்றதும் அத்தகைய அடுக்கினையே.