சரக்கு கடந்த எல்லை, உரிமை கடக்காத எல்லை

தென்காசியும் குற்றாலமும் பிரிட்டிஷ் சென்னை மாகாணத்தில் இருந்தபோது, சில மைல் மேற்கே உள்ள செங்கோட்டை திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1 அன்றுதான் அது சென்னை மாநிலத்தோடு இணைந்தது. இன்று எல்லை தாண்டிய பொருளாதார வளர்ச்சி என்று பேசுகிறவர்கள் இந்த எல்லையின் வரலாற்றிலிருந்து தொடங்க வேண்டும் என்கிறோம்.

1865இல் திருவிதாங்கூரும் கொச்சியும் பிரிட்டிஷ் அரசோடு வணிக உடன்படிக்கை செய்துகொண்டன. பெரும்பாலான சரக்குகளுக்கு எல்லைச் சுங்கம் நீங்கியது. 1904இல் கொல்லம்–செங்கோட்டை ரயில் ஆரியங்காவு மலைவழியாக ஓடத் தொடங்கியது. கீழ்நாட்டுச் சந்தையும் மேற்குக் கரைத் துறைமுகமும் இணைந்தன.

அதே 1865இல் திருவிதாங்கூர் அரசு, சர்க்கார் நிலத்துக் குத்தகைதாரர்களுக்கு நில உரிமை வழங்கியது. அந்த வயலில் உழைத்த நம் மக்களுக்கு எதுவும் இல்லை. அவர்களை அடிமைகளாக வைத்திருந்த முறை ஒழிக்கப்பட்டு அப்போது பத்து ஆண்டுகளே ஆகியிருந்தன. பொதுச்சாலையில் செல்லும் உரிமைக்காக 1893இல் அய்யங்காளி வில்லுவண்டி ஓட்ட வேண்டியிருந்தது. சரக்கு வண்டிக்குத் திறந்த சாலை, மனிதருக்குத் திறக்கவில்லை.

உரிமைகளோ எல்லையிலேயே நின்றன. சென்னை மாகாணத்தின் 1892ஆம் ஆண்டுப் பஞ்சமி நில ஆணை செங்கோட்டைக்குப் பொருந்தவில்லை. திருவிதாங்கூரின் 1936ஆம் ஆண்டுக் கோயில் நுழைவுப் பிரகடனம் குற்றாலத்துக்குப் பொருந்தவில்லை. சென்னை மாகாணம் முழுமைக்கும் கோயில் நுழைவுச் சட்டம் வர 1947 ஆனது. நெல்லும் தேங்காயும் தாண்டிய இடத்தில் நீதி தாண்டவில்லை.

2005இல் வந்த சிறப்புப் பொருளாதார மண்டலச் சட்டம், நாட்டுக்குள்ளேயே புதிய எல்லை ஒன்றைப் போடுகிறது. மண்டலத்துக்குள் இருக்கும் நிலம், சுங்கக் கணக்கில் இந்தியாவுக்கு வெளியே உள்ளதாகக் கருதப்படும். நம் பக்கத்து நெல்லைச் சீமையில் நாங்குநேரியும் கங்கைகொண்டானும் இவ்வகை மண்டலங்களுக்காகப் பேசப்பட்ட ஊர்கள்தாம். முதலீட்டாளருக்கு என்ன சலுகை என்பது சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. நிலமற்ற கூலிக்கு என்ன பங்கு என்பது எங்கே எழுதியிருக்கிறது?

வளர்ச்சி வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. எந்த மண்டலத்துக்கும் நிலம் எடுக்கும் முன், அதில் பஞ்சமி நிலம் உண்டா என்று கிராமப் பதிவேடுகளைப் பார்த்து ஊரறியச் சொல்ல வேண்டும். வேலையில் சுமைதூக்கும் இடம் மட்டுமன்றி, நிரந்தரப் பணியிலும் ஒப்பந்தங்களிலும் நமக்குரிய பங்கு வேண்டும். நம் மாணவர்கள் தத்தம் ஊரின் பழைய பதிவேடுகளைத் தேடிப் படிப்பதிலிருந்து இந்த வேலையைத் தொடங்கலாம்.