குடும்பத்தில் ஒருவர் தற்கொலை செய்துகொண்டால் பிள்ளைகளுக்கும் ஆபத்தா?

மனச்சோர்வு, தூக்கமின்மை என்று கிளினிக்கிற்குப் போகிறவரிடம் டாக்டர் கேட்கும் கேள்விகளில் இதுவும் ஒன்று: "உங்கள் குடும்பத்தில் யாராவது தற்கொலை செய்துகொண்டதுண்டா?" நடந்திருந்தும் "இல்லை" என்று சொல்லிவிட்டு வருபவர்கள் நம்மில் பலர். பக்கத்தில் மாமியார் உட்கார்ந்திருப்பார். வீட்டில் தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எழுதி வைத்துவிட்டால் பின்னால் பிள்ளைகளின் வேலைக்குத் தடையாகுமோ என்ற பயமும் இருக்கும்.

அந்தக் கேள்வி குடும்பத்தின் மானத்தை எடைபோடுவதற்கானது அல்ல. அப்பாவுக்கு இனிப்புநீர் உண்டா, தாத்தாவுக்கு மாரடைப்பு வந்ததா என்று கேட்பதைப் போன்றதுதான். பதில் "ஆம்" என்றால் ஆபத்து சற்றுக் கூடுதல் என்பது உண்மை. எவ்வளவு கூடுதல், எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது என்பது தெரிந்தால்தான் அந்த உண்மை நமக்கு உதவும். தெரியாவிட்டால் வெறும் பயமாகத் தங்கிவிடும்.

ரத்தத்தில் வருவது எவ்வளவு?

ஒரு வீட்டில் இருவர் இப்படி இறந்தால், ஒருவரைப் பார்த்து மற்றவர் செய்தாரா அல்லது ரத்தத்தில் வந்ததா என்று பிரித்துச் சொல்வது கடினம். டென்மார்க் ஆய்வாளர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். சிறு வயதிலேயே தத்துக் கொடுக்கப்பட்டு, பெரியவர்களான பின் தற்கொலையால் இறந்த 57 பேரை எடுத்துக்கொண்டார்கள். அவர்களைப் பெற்ற குடும்பத்து ரத்த உறவினர் 269 பேரில் 12 பேர் தற்கொலையால் இறந்திருந்தார்கள். ஒப்பிடுவதற்காக எடுத்த, அப்படி இறக்காத தத்துப் பிள்ளைகளின் ரத்த உறவினர் 269 பேரில் 2 பேர்தான். வளர்த்த குடும்பங்களில் ஒருவரும் இல்லை. 1979இல் வெளியான இந்த ஆய்வு, ரத்த உறவுக்கும் இதில் பங்கு உண்டு என்பதைக் காட்டியது.

இரட்டையர்களை வைத்து 1991இல் வெளியான ஆய்வும் அதையே சொன்னது. ஒரே கருவிலிருந்து பிரிந்த, உருவம் ஒத்த இரட்டையர் 62 ஜோடிகளில், ஒருவர் இறந்தபின் மற்றவரும் தற்கொலையால் இறந்தது 7 ஜோடிகளில். சாதாரண இரட்டையர் 114 ஜோடிகளில் அது 2தான். இதைப் படித்ததும் 7 என்ற எண் கண்ணில் படும். நான் மீதி 55ஐப் பார்க்கச் சொல்வேன். ஒரே மரபணு, ஒரே வீடு, ஒரே தாய் தகப்பன். அப்படியிருந்தும் அந்த 55 ஜோடிகளில் மற்றவர் அப்படி இறக்கவில்லை. தலையெழுத்து என்று ஒன்று ரத்தத்தில் இருந்திருந்தால் இந்தக் கணக்கு இப்படி வந்திருக்காது.

"இரண்டு மடங்கு ஆபத்து" என்று செய்திகளில் படிக்கும்போதும் இதே நிதானம் வேண்டும். ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் 6 பேர் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அது இரு மடங்கானால் 12. மீதி 99,988 பேர் உயிரோடுதான் இருக்கிறார்கள்.

ஆமிஷ் மக்களிடம் கண்டது

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஆமிஷ் என்ற கிறிஸ்தவச் சமூகம் வாழ்கிறது. கார், மின்சாரம் போன்றவற்றை ஒதுக்கி வைத்து, விவசாயம் செய்து, தங்களுக்குள்ளேயே மணம் முடிக்கும் மக்கள். குடும்ப வரலாற்றைத் தலைமுறை தலைமுறையாக எழுதியும் வைத்திருக்கிறார்கள். 1880 முதல் 1980 வரை நூறு ஆண்டுகளில் அவர்களிடையே நிகழ்ந்த தற்கொலைகள் 26. அதில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு, நான்கே நான்கு குடும்ப வழிகளில் நிகழ்ந்தவை. இறந்தவர்களில் 24 பேருக்குக் கடும் மனச்சோர்வு அல்லது அது போன்ற மனநிலை நோய் இருந்திருக்கிறது.

இதைவிட முக்கியமான ஒன்றையும் 1985இல் வெளியான அந்த ஆய்வு சொன்னது. அதே சமூகத்தில் வேறு சில குடும்பங்களிலும் மனச்சோர்வு நோய் தலைமுறைகளாக இருந்தது. ஆனால் அங்கே ஒரு தற்கொலைகூட இல்லை. அப்படியென்றால் நோய் மட்டும் உயிரைப் பறிப்பதில்லை. நோயோடு வேறு ஏதோ சேர வேண்டியிருக்கிறது.

அந்த "வேறு ஏதோ" என்ன? யோசிக்காமல் சட்டென்று பொங்கிச் செயல்படும் சுபாவம் ஒன்று. அது குடும்பத்தில் இறங்கக்கூடியது. குடிப்பழக்கம் இன்னொன்று. சின்ன வயதில் பட்ட அடி, கண்ணால் பார்த்த வன்முறை மூன்றாவது. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சம்பள நாளில் சம்சு குடித்துவிட்டு வந்து அம்மாவை அடித்த அப்பா, அதைப் பார்த்து வளர்ந்து பின்னாளில் அதையே செய்த மகன் என்று எத்தனை லயத்து வீடுகளைப் பார்த்திருக்கிறோம்! வெளியிலிருந்து பார்ப்பவருக்கு "அந்த வீட்டு ராசி" என்று தோன்றும். உள்ளே இருப்பது மருத்துவம் பார்க்காத மனச்சோர்வும் குடியும் அடியும்தான். இவற்றில் எதுவும் மாற்ற முடியாததல்ல. தோட்டம் மூடி, மக்கள் பட்டணத்து அடுக்குமாடிக்கு மாறிய பிறகும் இவை கூடவே வந்ததுதான் வருத்தம்.

இழப்பு எந்த வயதில் வந்தது?

சுவீடனில் செய்து 2010இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று, பெற்றோர் உயிரோடு இருப்பவர்களின் பிள்ளைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தது. 18 வயதுக்கு முன் பெற்றோரில் ஒருவரைத் தற்கொலையில் இழந்த பிள்ளைகள் பின்னாளில் அதேபோல் இறக்கும் ஆபத்து மூன்று மடங்கு. 18 வயதைத் தாண்டி, இளைஞர் வயதில் இழந்தவர்களிடம் அந்த வேறுபாடு இல்லை. இரு பிரிவினருக்கும் ரத்தம் ஒன்றுதான். இழந்த வயதுதான் வேறு. ஆகவே இரண்டாம் படிவத்திலோ ஆறாம் ஆண்டிலோ படிக்கும் பிள்ளைக்கு அப்பாவோ அம்மாவோ இப்படிப் போய்விட்டால், பதினாறாம் நாள் காரியத்தோடு நம் கடமை முடியவில்லை. சித்தப்பா, அத்தை, வகுப்பாசிரியர் என்று யாராவது ஒரு பெரியவர் அந்தப் பிள்ளையோடு சில ஆண்டுகளாவது தொடர்ந்து இருக்க வேண்டும்.

அந்தப் பிள்ளையிடம் என்ன சொல்வது? "அப்பா மாரடைப்பில் போனார்" என்று சொல்லி மறைப்பதே நம் வழக்கம். பிள்ளை அதை நம்பாது. பள்ளியிலோ பக்கத்து வீட்டிலோ யாராவது சொல்லிவிடுவார்கள். பிறகு அது இரண்டு பாரங்களைச் சுமக்கும்: அப்பா போனது ஒன்று, வீட்டில் எல்லாரும் பொய் சொன்னது இன்னொன்று. வயதுக்கு ஏற்ற மாதிரி, விவரங்களுக்குள் போகாமல் உண்மையைச் சொல்வதுதான் நல்லது. "அப்பாவுக்கு மனதில் பெரிய நோய் இருந்தது. அது அவரை யோசிக்க விடவில்லை. நீ செய்த எதனாலும் இது நடக்கவில்லை." கடைசி வாக்கியத்தைப் பலமுறை சொல்ல வேண்டியிருக்கும். அப்பா திட்டிய மறுநாள் அவர் இறந்திருந்தால், பிள்ளை அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கும்.

வளர்ந்தவர்களிடம் வேறொரு பயம் இருப்பதுண்டு. அப்பா 42இல் போனார், எனக்கும் 42 நெருங்குகிறது என்பது. அந்த வயதும், இறந்த தேதி வரும் மாதமும் சிலருக்குக் கனமாக இருக்கும். "சாமி குத்தம், பரிகாரம் செய்யணும்" என்று குறி சொல்பவர் ஒருவர் இந்தப் பயத்தை இன்னும் கூட்டிவிடுவார். கோயிலுக்குப் போவதில் மன அமைதி கிடைத்தால் போகட்டும். டாக்டரிடம் போவதை அதற்காக நிறுத்த வேண்டாம்.

மறைக்க இனி சட்டக் காரணம் இல்லை

முன்பு மறைத்ததற்குச் சட்டமும் ஒரு காரணம். தற்கொலைக்கு முயல்வதைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309ஆவது பிரிவு சிங்கப்பூரில் 2020 ஜனவரி 1 முதல் நீங்கியது. மலேசியாவில் 2023இல் நாடாளுமன்றம் அதை நீக்கியது. முயன்று பிழைத்தவர் இன்று நோயாளி, குற்றவாளி அல்லர். எனவே டாக்டரிடம் யார், எந்த வயதில், முன்பு மருந்து எடுத்தாரா, குடித்தாரா என்று தெரிந்ததைச் சொல்லலாம். பெரியம்மாவிடம் கேட்டால் இன்னும் கொஞ்சம் தெரியவரும். அவர் முதலில் "அதெல்லாம் எதுக்குப்பா இப்போ" என்பார். பிள்ளைகளின் வைத்தியத்திற்கு என்று சொன்னால் பெரும்பாலும் சொல்லிவிடுவார். அடுத்தவர் காதில் விழுவது சங்கடமாக இருந்தால், டாக்டரைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளலாம்.

இப்படிப்பட்ட குடும்பத்தில் ஒருவர் பல நாள் தூங்காமல், பேச்சைக் குறைத்து, "நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நிம்மதி" என்று சொல்ல ஆரம்பித்தால், பிடித்த பொருள்களைப் பிறருக்குக் கொடுக்க ஆரம்பித்தால், "சாகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. கேட்டுவிட்டு, குறுக்கே புத்தி சொல்லாமல் கேட்டுக்கொண்டிருங்கள். தனியாக விடாதீர்கள். வீட்டிலுள்ள பூச்சிமருந்து, மாத்திரைகளைப் பூட்டி, சாவியை வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள். அந்த எண்ணம் பலருக்குக் கொஞ்ச நேரமே உச்சத்தில் இருக்கும். அந்த நேரத்தைக் கடக்க வைப்பதே உயிரைக் காக்கும்.

மலேசியாவில் பிஃபிரண்டர்ஸ் 03-7627 2929 (24 மணி நேரம்), சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசி 15555. சிங்கப்பூரில் எஸ்.ஓ.எஸ். 1767, மனநலக் கழகம் 6389 2222. தமிழில் பேச ஆள் உண்டா என்று முதலிலேயே கேளுங்கள். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995.